பதிவேட்டில் ‘ஊர்’ என்று எழுதிய பெயர்கள்

மும்பை தாராவியில் வளரிளம் பெண்களுக்கு உடல்நலக் கல்வி வகுப்புகள் நடத்தும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு நான் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். ரசீதுகளைச் சரிபார்ப்பதும், தணிக்கைக்கு ஏடுகளைத் தயார் செய்வதும், நிதி கொடுப்பவர்களுக்கு ஆண்டறிக்கை அனுப்புவதும் என் வேலை. வகுப்பு எடுப்பவர்கள் வேறு. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘ஒரு பயனாளிக்கு ஆன செலவு’ என்று ஒரு கட்டம் இருக்கும்; அதை நிரப்புகிறவள் நான். இளவயதுக் கர்ப்பத்தைத் தடுக்கும் கல்விக்குச் செலவிடும் பணம் எந்த அளவுக்குப் பலன் தருகிறது என்ற கேள்வி அந்த ஒரு கட்டத்தின் வழியாகத்தான் முதலில் என் கைக்கு வந்தது.

அதை நான் பல ஆண்டுகள் தவறாக நிரப்பினேன். கூட்டலில் பிழை இல்லை. மொத்தச் செலவை எந்த எண்ணால் வகுப்பது என்பதில்தான் பிழை.

எங்கள் வகுப்புக்கு ஒரு பதிவேடு உண்டு. நீளவாக்கில் கோடு போட்ட, அட்டை பிய்ந்த ஏடு. 13 முதல் 17 வயது வரையிலான 60 பெண்கள், 12 சனிக்கிழமைகள், ஒரு சங்கக் கட்டடத்தின் மாடி அறை. முதல் வாரத்தில் எல்லோரும் முழுப் பெயரை நிறுத்தி எழுதுவார்கள்; நான்காம் வாரத்துக்குள் அது சுருக்கெழுத்தாகிவிடும். நாப்கின் பாக்கெட் கொடுக்கும் வாரத்தில் கையெழுத்துகள் நிறைந்திருக்கும்; மழை கொட்டி 90 அடி சாலையில் தண்ணீர் நிற்கும் வாரத்தில் பாதிக் கட்டம் காலியாக இருக்கும். சில பெயர்களின் மேல் மட்டும் ஆறாம் வாரத்திலோ எட்டாம் வாரத்திலோ சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘ஊர்’ என்று எழுதியிருக்கும். வகுப்பெடுத்தவர் மராத்திக்காரப் பெண்ணாக இருந்த ஆண்டில் அதே இடத்தில் ‘காவீ கேலி’ என்று எழுதியிருந்தார். ஊருக்குப் போய்விட்டாள் என்றுதான் அதற்கும் பொருள்.

ஊர் என்றால் எங்கள் பகுதியில் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமை. தாத்தா தோல் பதனிடும் வேலைக்கு வந்து, அப்பா இட்லி வியாபாரத்துக்கு மாறி, மகள் இங்கேயே பிறந்து இந்தியும் மராத்தியும் பேசி வளர்ந்திருந்தாலும், வீட்டில் ஒரு சிக்கல் என்றால் அவள் அனுப்பப்படும் இடம் ஊர்தான். அந்த ஆண்டு 60 பேரில் 11 பேருக்கு அப்படிக் கோடு விழுந்திருந்தது. நான் அந்த 11 பேரையும் கழித்துவிட்டு, வகுப்பை முடித்த 49 பேரை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஓராண்டு கழித்து விசாரித்தபோது அந்த 49 பேரில் ஒருத்திதான் கருவுற்றிருந்தாள். ‘48 பேர் பாதுகாப்பாக இருக்கிறார்கள்’ என்று அறிக்கை போயிற்று. நிதி கொடுத்தவர்கள் பாராட்டிக் கடிதம் அனுப்பினார்கள், மறு ஆண்டும் பணம் வந்தது. யாரைக் காப்பதற்காக அந்த வகுப்பு நடந்ததோ அவர்களைத்தான் நான் கணக்கிலிருந்து நீக்கியிருந்தேன் என்பது வெகு காலம் எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். யுனெஸ்கோ 2011-இல் இந்தியா, நைஜீரியா, கென்யா, இந்தோனேசியா, எஸ்டோனியா, நெதர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் பள்ளிப் பாலியல் கல்வித் திட்டங்களின் செலவை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பாடத்தை முடித்த ஒரு மாணவருக்கு நைஜீரியாவில் சுமார் 7 டாலரும் இந்தோனேசியாவில் 160 டாலரும் ஆகியிருந்தன. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம், பாடம் கட்டாயப் பாடத்திட்டத்துக்குள் இருக்கிறதா, விருப்பமுள்ளவர்கள் மட்டும் பள்ளி நேரத்துக்கு வெளியே வந்து படிப்பதா என்பதுதான். பாடநூல் எழுதுவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது ஆகிய தொடக்கச் செலவுகள் மாணவர் எண்ணிக்கை கூடுவதால் பெருகுவதில்லை. எனவே எண்ணிக்கை கூடக் கூடத் தலைக்கு விழும் பங்கு குறைகிறது. கணக்குப் பார்க்கிற யாருக்கும் இது உடனே விளங்கும், எனக்கும் விளங்கியது. ஆனால் அந்த அறிக்கையைப் படித்து முடித்தபோது ஒரு சங்கடமும் உண்டாயிற்று. தலைக்கு ஆகும் செலவு, பாடம் எவ்வளவு மலிவாகக் காதில் விழுந்தது என்பதைச் சொல்கிறதேயன்றி, அதனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை எந்த விதத்தில் மாறியது என்பதைச் சொல்வதில்லை. ஒரு மண்டபத்தில் 500 பேரை உட்காரவைத்து ஒலிபெருக்கியில் ஒரு மணி நேரம் பேசினால் தலைக்குப் பத்து ரூபாயில் முடித்துவிடலாம். அதனால் ஒரு கர்ப்பம்கூடத் தள்ளிப்போகவில்லை என்றால், அந்தப் பத்து ரூபாயும் வீண்.

ஆகவே, தடுக்கப்பட்ட ஒரு கர்ப்பத்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்று கேட்பதே ஆய்வாளர்களின் வழக்கம். அமெரிக்காவில் ‘சேஃபர் சாய்சஸ்’ என்ற உயர்நிலைப் பள்ளித் திட்டத்துக்கு 2000-ஆம் ஆண்டில் வெளியான கணக்கு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. அதில் 1,05,243 டாலர் செலவில் 18.5 கர்ப்பங்களும் சில பால்வினை நோய்த் தொற்றுகளும் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். போட்ட ஒவ்வொரு டாலருக்கும் 2.65 டாலர் மருத்துவச் செலவும் சமூகச் செலவும் மிச்சம் என்று முடிவு சொன்னார்கள். பாலியல் கல்விக்கு நிதி கேட்கும் எவரும் இந்த வகை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ள விரும்புவார்கள். நானும் விரும்பினேன், ஒரு விண்ணப்பத்தில் எழுதியும் இருக்கிறேன்.

இப்போது எழுதமாட்டேன். அங்கே ஓர் இளம் தாய்க்கு அரசு மருத்துவக் காப்பீடு, உணவு உதவி, குழந்தை நல உதவி எனப் பல செலவுகளை ஏற்கிறது. அவள் தாயாகாமல் இருந்தால் அந்தச் செலவெல்லாம் மிச்சமாகிறது. நம் நாட்டில் 17 வயதில் குழந்தை பெறுகிற பெண்ணுக்காக அரசு ஏற்கும் செலவு அதில் ஒரு சிறு பகுதிகூட இராது. மீதி முழுவதும் அவள் வீட்டுக் கணக்கிலும் அவள் உடம்புக் கணக்கிலும் ஏறுகிறது. பிரசவத்துக்கு முன் அடகு வைத்த கம்மல், பாதியில் நின்ற பத்தாம் வகுப்பு, இரத்தம் ஏற்றிய இரவு, பிற்பாடு அவள் தேடியிருக்கக்கூடிய சம்பளம் ஆகியவை அரசுக் கருவூலத்தின் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. ‘அரசுக்கு எவ்வளவு மிச்சம்’ என்ற அளவுகோலை இங்கே வைத்தால், அரசு ஒரு பெண்ணுக்கு எவ்வளவு குறைவாகச் செய்கிறதோ அவ்வளவுக்கு அவளைக் காப்பாற்றுவது ‘இலாபமற்றது’ என்று கணக்கு காட்டும். நான் கணக்கு எழுதுகிறவள் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்: அந்தக் கணக்கு முறை நம் பெண்களுக்குப் பொருந்தாது. மிச்சத்தை அவள் வாழ்க்கையிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்த உடம்போடுதான் அவள் சுமக்கப்போகிறாள் என்பதை நினைத்துப் பார்த்தால், எங்கிருந்து எண்ண வேண்டும் என்பது தானாகவே தெரியும்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. எங்கள் வகுப்பின் திசையையே மாற்றியது அதுதான். 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் ஏற்கெனவே தாயானவர்களும் அப்போது கருவுற்றிருந்தவர்களும் சேர்ந்து நாடு முழுவதும் 6.8 விழுக்காடு. 2005-06-இல் இது 16 விழுக்காடாக இருந்தது என்பதால் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இந்த 6.8-ஐப் பிரித்துப் பார்த்தால், 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்த பெண்களிடையே சுமார் 4 விழுக்காடு. பள்ளிக்கே போகாத பெண்களிடையே சுமார் 18 விழுக்காடு.

இதை வைத்து ஒரு எளிய கணக்குப் போடலாம். ஒரு பெண்ணுக்கு 500 ரூபாய் வீதம் 1,000 பெண்களுக்கு ஒரு திட்டம் நடத்துகிறோம், மொத்தம் 5 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திட்டம் கர்ப்பங்களைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கும் திறன் உள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பெண்களிடையே நடத்தினால், 40 கர்ப்பங்களில் 4 தவிர்க்கப்படும். ஒன்றுக்கு 1,25,000 ரூபாய். பள்ளியை அறியாத பெண்களிடையே அதே திட்டத்தை நடத்தினால், 180-இல் 18 தவிர்க்கப்படும். ஒன்றுக்குச் சுமார் 27,800 ரூபாய். இரண்டாவது குழுவைத் தேடிப் பிடிக்க வீடு வீடாக ஏற வேண்டும், சனிக்கிழமை மாலைக்குப் பதில் அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் நடத்த வேண்டும், செலவு இரண்டு மடங்காகிறது என்றாலும், ஒன்றுக்கு 55,600 ரூபாய்தான். முதல் குழுவில் ஆவதில் பாதிகூட இல்லை. தலைக்கு ஆகும் செலவை மட்டும் பார்த்தால் முதல் திட்டம் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று தோன்றும். நிதி கொடுப்பவர்களின் கட்டம் அதைத்தான் கேட்கிறது. அதனால்தான் சேர்ப்பதற்கு எளிதான, பள்ளியிலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடமே எல்லா நிறுவனங்களும் போய்ச் சேர்கின்றன. நாங்களும் அப்படித்தான் போனோம்.

என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. இதில் உலகம் முழுவதும் நடந்த சோதனைகள் எனக்கு வியப்பையே தந்தன, ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்த பல திட்டங்கள் எதையும் மாற்றவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில், இரவெல்லாம் அழுது தொந்தரவு செய்யும் மின்னணுப் பொம்மைக் குழந்தையைப் பள்ளி மாணவியரிடம் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். தாய்மையின் பாரம் தெரிந்தால் எச்சரிக்கையாக இருப்பார்கள் என்று எண்ணம். பெர்த் பகுதியில் 57 பள்ளிகளின் பெண்களை 20 வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பொம்மை வாங்கியவர்களில் 8 விழுக்காட்டினர் குழந்தை பெற்றிருந்தார்கள், வாங்காதவர்களில் 4 விழுக்காடு. விலை உயர்ந்த அந்தப் பொம்மைகளுக்குப் போட்ட பணம் எதிர்த் திசையில் வேலை செய்ததாகவே தோன்றியது.

மேற்குக் கென்யாவில் நடந்தது வேறு கதை. அங்கே 328 தொடக்கப் பள்ளிகளை வைத்துப் பல ஆண்டுகள் ஒரு பெரிய சோதனை நடந்தது. திருமணம் வரை விலகியிரு என்று போதிக்கும் அரசுப் பாடத்துக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததால் மட்டும் இளவயதுக் கர்ப்பம் குறையவில்லை. ஆனால் அதே ஆய்வில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருவர் வந்து ஒரே ஒரு வகுப்பில், வயதில் மூத்த ஆண்களிடையே எச்ஐவி தொற்று எந்த அளவு, சம வயதுப் பையன்களிடையே எந்த அளவு என்ற விவரத்தை மட்டும் பலகையில் எழுதிக் காட்டினார். பணம், பரிசு கொடுத்து நெருங்கும் பெரியவர்களிடம்தான் ஆபத்து கூடுதல் என்பது பெண்களுக்குப் புதிய செய்தி. அந்தப் பள்ளிகளில் கர்ப்பம் 28 விழுக்காடு குறைந்தது. இன்னும் சில பள்ளிகளில் பாடமே எதுவும் நடத்தாமல், பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை மட்டும் கொடுத்தார்கள். ஒரு சீருடை சுமார் 6 டாலர். பெண்கள் பள்ளியில் நீடித்தார்கள். மூன்றாண்டுகளில் கர்ப்பமானவர்கள் 16 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். சீருடை கருத்தடைச் சாதனம் அன்று. பள்ளிக்குப் போகிற பெண்ணாக அவளை ஊர் பார்த்ததும், அவளே தன்னைப் பார்த்ததும்தான் அங்கே வேலை செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாடம் என்று எடுத்துக்கொண்டாலும் எல்லாப் பாடமும் ஒன்றில்லை. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, உலகெங்கும் நடந்த 22 பாலியல் கல்வித் திட்டங்களைப் பிரித்துப் பார்த்தது. ஆண் பெண் பாகுபாட்டையும், உறவில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதையும் வெளிப்படையாகப் பேசிய 10 திட்டங்களில் 8 திட்டங்கள் கர்ப்பத்தையோ தொற்றையோ குறைத்தன. அதைத் தொடாமல் உடற்கூறும் கருத்தடையும் மட்டும் சொன்ன 12-இல் இரண்டுதான் குறைத்தன. எங்கள் பன்னிரண்டு வாரங்களில் ஏழு வாரம் கருப்பை, சூலகம், மாதவிடாய்ச் சுத்தம் என்றே போய்க்கொண்டிருந்தது. அவையும் வேண்டியவைதான், அவற்றைச் சொல்லித்தர வேறு ஆள் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்களின் கேள்விகள் வேறு. கேள்விப் பெட்டி ஒன்று வைத்திருப்போம், பெயர் எழுதாமல் சீட்டுப் போடலாம். ஒரு வாரம் அதில் வந்த சீட்டில், ‘மாமா பையனுக்குத்தான் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள், அவன் போனில் படம் கேட்கிறான், இல்லை என்று சொல்லலாமா?’ என்று எழுதியிருந்தது. உடற்கூறு வரைபடத்தில் அதற்கு விடை இல்லை.

இங்கே நான் படித்த மேலைநாட்டு ஆய்வுகள் பலவும் என்னைக் கைவிட்டன. அங்கே இளவயதுக் கர்ப்பம் என்றால் பெரும்பாலும் மணமாகாத பெண். நம் நாட்டில் தாயாகும் 15-19 வயதுப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் மணமானவர்கள். 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில் 18 நிறைவதற்கு முன் மணமானவர்கள் நாடு முழுவதும் 23.3 விழுக்காடு, மகாராஷ்டிரத்தில் 21.9, தமிழ்நாட்டில் 12.8. ஆகவே ‘வேண்டாம்’ என்று ஒரு பையனிடம் சொல்லப் பழக்குவது மட்டும் போதாது. ‘இப்போது வேண்டாம்’ என்று அப்பாவிடமும் ஆச்சியிடமும் அவளுக்காகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அப்படிச் சொல்வதற்கு வீட்டில் ஒரு நியாயமும் வேண்டும்.

வீட்டின் நியாயத்தை நான் நேரில் கேட்டது, கோடு போட்ட பெயர் ஒன்றின் வீட்டில். கல்லி என்று இங்கே சொல்லும் குறுகிய சந்துக்குள் ஒரு சால் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் குடியிருப்பு; பத்துக்குப் பத்து அறை, மேலே ஏணி வைத்து ஏறும் பலகைத் தட்டு. இரவு ஒன்பது மணிக்குத்தான் அந்த அம்மாவைப் பிடிக்க முடிந்தது. ஊறவைத்த அரிசியை அள்ளி கிரைண்டரில் போட்டுக்கொண்டே பேசினார்.

“அக்கா, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. அவரு காலைல அஞ்சு மணிக்கே இட்லி தூக்கிட்டுப் போயிருவாரு. நான் ஆறு மணிக்கு நாலு வீட்டு வேலைக்குப் போனா வர ரெண்டாயிரும். வயசுக்கு வந்த புள்ளய இந்தக் கல்லியில யாரு பாத்துக்கிடுவா? ஊருல மாப்பிள்ள வீட்டுக்காரங்க இப்பன்னா மூணு பவுனு போதும்னு சொல்லுதாங்க. பன்னண்டாவது முடிக்கட்டும்னு விட்டா, அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ள பாக்கணும். அவன் பத்து பவுனு கேப்பான். பவுனு விலை என்னான்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவரும் கணக்குத்தான் போட்டிருந்தார். என் கணக்கைவிட அவருடையதில் செலவுகள் முழுமையாக இருந்தன: காவலுக்கு ஆள் இல்லாத எட்டு மணி நேரம், ஆண்டுக்கு ஆண்டு ஏறும் பவுன், ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் இளைய மகளுக்கும் சேர்த்துப் போகும் பெயர். ஒரு பெண்ணுக்கு 500 ரூபாய் என்று நான் எழுதிய வகுப்பு, அந்த ஏழு பவுன் வித்தியாசத்தின் முன்னால் எம்மாத்திரம் என்று அந்த இரவில்தான் புரிந்தது. அவர் கணக்கில் தவறவிட்டது ஒன்றே ஒன்றுதான், மகளின் உடம்பு; அதை அவரும் 16 வயதில் தன் உடம்பில் தாங்கியவர் என்பதால் அது ஒரு செலவாகவே அவருக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்கைத் தொடும் திட்டத்தை எவரேனும் செய்து பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன். வங்கதேசத்தின் தென் பகுதியில் செய்திருக்கிறார்கள். 15 முதல் 17 வயது வரையிலான பெண் 18 வரை மணமுடிக்காமல் இருந்தால், நான்கு மாதத்துக்கு ஒரு முறை அந்த வீட்டுக்குச் சமையல் எண்ணெய். ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்குச் சுமார் 16 டாலர் மதிப்பு. இரண்டு ஆண்டுகள் அதைப் பெறத் தகுதி உள்ளவர்களிடையே 18-க்கு முன் நடக்கும் மணம் 19 விழுக்காடு குறைந்தது. அதே ஊர்களில் நடத்திய ஆறு மாதப் பெண்கள் முன்னேற்ற வகுப்பால் படிப்பு கூடியதே தவிர, குழந்தைத் திருமணம் குறையவில்லை. வகுப்பு நடத்தும் நிறுவனத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் எண்ணெய் வரதட்சணையை ஈடுகட்டிவிடாது. வீட்டுக்குள் பேச்சு நடக்கும்போது, ‘இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கலாமே’ என்று சொல்ல அம்மாவுக்கு ஒரு பிடி கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிடி எங்கள் திட்டத்தில் இல்லை.

பள்ளிகளே செய்துவிடும் என்று விட்டுவிடவும் இங்கே முடியவில்லை. வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தபோது, 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதை நிறுத்திவைத்தன. 2014-இல் 10 முதல் 19 வயது வரையிலானவர்களுக்காக ராஷ்ட்ரீய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் வந்தது. பள்ளிக்கு வெளியே இருப்பவர்களையும் அது கணக்கில் எடுத்தது என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் வகுப்பறையில் இன்றும் இனப்பெருக்கப் பாடம் வரும்போது ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிடுவதை எங்கள் பெண்கள் ஆண்டுதோறும் சொல்கிறார்கள். பாடநூல் அச்சாகி, பயிற்சி முடிந்து, பயணப்படி வரை கொடுத்து முடித்த பிறகு, அந்தக் கடைசி நாற்பது நிமிடம் நடக்காமல் போகிறது. முந்தைய செலவு அத்தனையும் அங்கே கரைகிறது.

சட்டமும் எண்ணிக்கையை மறைக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க வந்த 2012-இன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள பெண் கருவுற்று மருத்துவமனைக்கு வந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை அந்த அறிக்கையில் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. எங்கள் கல்லிகளில் அதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? வழக்குக்கு அஞ்சுகிற குடும்பம் அவளை இரவு ரயிலில் ஏற்றிவிடுகிறது. பதிவேட்டில் ‘ஊர்’ என்று ஒரு கோடு விழுகிறது.

இனி அந்த 11 பெயர்களுக்கு வருகிறேன். கிடைத்த எண்களையெல்லாம் வைத்து, அண்டை வீட்டார் மூலமாகவும் ஊரில் இருக்கும் உறவினர் மூலமாகவும் இரண்டு மாதம் தேடினேன். ஏழு பேரைப் பற்றித் தெரிந்துகொள்ள முடிந்தது. நால்வருக்கு மணமாகியிருந்தது, அவர்களில் இருவருக்குக் கைக்குழந்தை. ஒருத்தி பாட்டியோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இருவர் அங்கேயே பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, இங்கே இருந்ததைவிட அங்கே நிம்மதியாக இருக்கிறது என்றாள், கேட்டு எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. மற்ற நால்வர் எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை. ஆக, விவரம் தெரிந்த 56 பேரில் மூன்று கர்ப்பம், விவரம் தெரியாதவர் நால்வர். 49-இல் ஒன்று என்று நான் எழுதி அனுப்பியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இந்தத் திருத்தப்பட்ட எண்ணாலும்கூட எங்கள் வகுப்பு பலன் தந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. கர்ப்ப விகிதம் 7 விழுக்காட்டிலிருந்து 5-க்கு இறங்கியது என்று நம்பத்தக்க வகையில் காட்ட, வகுப்புப் பெற்றவர்கள் ஒரு பக்கமும் பெறாதவர்கள் மறுபக்கமும், பக்கத்துக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வேண்டும். 60 பேரை வைத்து வெற்றி விழுக்காடு கேட்பதே முறையில்லை; கேட்டால் கொடுப்பதும் முறையில்லை. சிறிய நிறுவனங்களிடம் நிதி கொடுப்பவர்கள் கேட்க வேண்டியவை வேறு என்பது என் கருத்து. பெரிய சோதனைகளில் பலன் தந்ததாகத் தெரிந்தவற்றைச் செய்கிறீர்களா? ஆபத்து கூடுதலாக உள்ள பெண்களிடம் போனீர்களா? தொடங்கியபோது இருந்தவர்களில் எத்தனை பேரைப் பற்றி முடிவில் உங்களுக்குத் தெரியும்? இந்த மூன்றுக்கும் என் போன்றவர்களால் நேர்மையாக விடை எழுத முடியும்.

அந்த விடைகளைத்தான் சென்ற ஆண்டு அறிக்கையில் எழுதினேன், பழைய எண் தவறு என்பதையும் சேர்த்து. ஒரு நன்கொடையாளர் விலகிக்கொண்டார். இன்னொருவர் வரவு செலவுத் திட்டத்தில் நான் புதிதாகச் சேர்த்த ‘ஊர்த் தொடர்பு: தொலைபேசி, பயணம்’ என்ற வரியைச் சுற்றி வட்டமிட்டு, இது நிகழ்ச்சிச் செலவா நிர்வாகச் செலவா என்று கேட்டார். நிகழ்ச்சிச் செலவு என்று பதில் எழுதி, காரணத்தை ஒன்றரைப் பக்கத்தில் விளக்கினேன். பாதித் தொகைக்கு ஒப்புதல் வந்தது. மண்டபக் கூட்டம் இரண்டை நிறுத்தி அந்தப் பணத்தை அம்மாக்களின் இரவுக் கூட்டத்துக்கும், பள்ளியை விட்டு நின்ற பெண்களுக்குத் தனித்தேர்வுக் கட்டணத்துக்கும் மாற்றினோம். தலைக்கு ஆகும் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருக்கிறது.

இந்த ஆண்டுப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டு, ‘ஊரில் தொடர்பு எண்’ என்று தலைப்பிட்டிருக்கிறேன். முதல் சனிக்கிழமை நானே மேசையில் உட்கார்ந்து எழுதினேன். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, பின்னலில் பச்சை ரிப்பன், எண்ணைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள்.

“ஆச்சிக்கு காது சரியா கேக்காது, போன எடுக்க மாட்டாங்க. எதுத்த வீட்டு சித்தி நம்பரும் தரட்டுமா?”

இரண்டையும் எழுதிக்கொண்டேன்.